மீன் தொட்டியில் சேர்ந்த தீர்த்தம்

எங்கள் பெண் மீன் வளர்க்கிறாள் என்று சொன்னால் உறவுக்காரர்கள் திருப்பிக் கேட்பது ஒரே ஒரு சொல்தான்: "வளர்த்து?"

நாங்கள் பெருமாளைச் சேவிக்கிற குடும்பம். மேல்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்து சில தலைமுறைகள் ஆகிவிட்டன. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தி, ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் மெஷின் ஷாப்பில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவன். காலையில் வீட்டுப் பெருமாளுக்குப் பூஜை, திருவாராதனம். சனிக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, காவேரிப் படியில் உட்கார்ந்து மீன்களுக்குப் பொரி போடுவோம். மீனோடு எங்களுக்கு இருந்த சம்பந்தம் அவ்வளவே. முட்டைகூட நுழையாத இந்த வீட்டில் பிறந்த ஒரே பெண் எம்.எஸ்ஸி. முடித்து, ஊரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்து, மீனை அறுக்கிற வேலைக்குப் போனாள்.

என் தங்கை ஒரு கல்யாணத்தில் பந்தியில் வைத்தே கேட்டாள். "ஏன் மன்னி, ஜாதகத்துல எழுதிடலாமே? பொண்ணுக்கு அடுப்படியில தளிகை சுமாரா வரும், அறுக்கறது அமோகமா வரும்னு."

என் மனைவி இலையைப் பார்த்துக்கொண்டே, "பாயசம் ஆறிடப்போறது, சாப்பிடு" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

பெண்ணுக்கு இது தெரியும். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது எங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தாள்.

"ஆப்பிரிக்காவுல மழை பெய்தா மட்டும் தண்ணி நிக்கற குட்டை இருக்கும்மா. மழை வந்ததும் இந்த மீன் முட்டையிலேர்ந்து வரும். குட்டை காயறதுக்குள்ள வளர்ந்து, முட்டை போட்டு, கிழமாகி, போயிடும். முட்டை மட்டும் காய்ஞ்ச சேத்துக்குள்ள அடுத்த மழைக்குக் காத்துண்டு கிடக்கும்."

"எத்தனை நாள் இருக்கும்?"

"அஞ்சாறு மாசம்."

"அதுக்குள்ள எல்லாமா? குழந்தை, குட்டி, மூப்பு எல்லாம்?"

"எல்லாம். நிறம் வெளுக்கும், முதுகு கூனும், கண்ணு மங்கும். மனுஷா கிழமாறதைக் கூட இருந்து பாக்கணும்னா அறுபது எழுபது வருஷம் ஆகும். அதுக்குள்ள நானே கிழவியாயிடுவேன். இதுகிட்டன்னா சீக்கிரம் பாக்கலாம். ஏன் மூப்பு வரது, உடம்புக்குள்ள எது முதல்ல தளர்றதுன்னு."

"ஐயோ பாவம்" என்றாள் என் மனைவி. "ஒரு வருஷத்துப் பண்டிகையைக்கூட முழுசாப் பாக்காதா அது?"

அன்றிலிருந்து அவள் மனதில் அந்த மீன் ஒரு ஜீவனாக ஏறிவிட்டது. பெண் வீட்டுக்குள் நுழைந்ததும் "அதுகள் சௌக்கியமா?" என்று கேட்பாள். நாலைந்து வருஷம் இப்படியே போயிற்று.

போன வருஷம் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்கிறவர்களின் வீட்டாரை ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார்கள். அது சனிக்கிழமை. காலையில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேவித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் ஸ்கூட்டரை நேராக அங்கே விட்டேன். மீன் அறை நான் நினைத்ததைவிடச் சுத்தம். இரும்புச் சட்டத்தில் தட்டுத் தட்டாகச் சின்னச் சின்னக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மீன். இளசுகள் இருந்த பக்கம் கண்ணைப் பறித்தது. மயில் கழுத்து நிறத்தில் உடம்பு, சிவந்த வால். கடைசித் தட்டில் இருந்தவை வேறு மாதிரி. வெளுத்து, வளைந்து, தண்ணீருக்குள்ளேயே மூச்சு வாங்குவதுபோல அடியில் நின்றன.

"இதெல்லாம் வயசானது" என்றாள் பெண். அடுத்ததை மெதுவாகச் சொன்னாள். "திங்கட்கிழமை காலம்பற இதுங்களோட முறை."

என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப் பார்க்கப் புறப்பட்டபோது, "நீங்க போங்கோ, நான் இதுகளைச் சித்த பாத்துண்டு இருக்கேன்" என்றாள். திரும்பி வந்தபோது அவள் கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் எதைப் பார்த்தாலும் கைகூப்புகிறவள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் ரசம் சாதம் பரிமாறும்போது அவளாகவே சொன்னாள். குரலில் ஒரு நிறைவு இருந்தது.

"நல்ல வேளை, பையில கோவில் தீர்த்தம் இருந்தது. அந்தக் கிழடுகளுக்கு ஆளுக்கு நாலு சொட்டு சேர்த்துட்டேன். மூடியில இரை போடற ஓட்டை இருக்கே, அது வழியா. இனிமே நிம்மதியாப் போகட்டும்."

எங்கள் வீடுகளில் ஒருவர் கடைசி மூச்சில் இருக்கிறார் என்றால் துளசி தீர்த்தத்தை வாயில் விடுவோம். என் தகப்பனாருக்கு விட்டது அவள் கைதான். கண் திறந்திருக்கிற ஒரு ஜீவன் நாளை மறுநாள் போகப்போகிறது என்று தெரிந்தால், கையில் தீர்த்தத்தை வைத்துக்கொண்டு விடாமல் வர அவளால் முடியாது. வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. அவளுக்கு வேறொன்றும் தோன்றியிருக்காது.

பெண்ணின் கை இலையில் நின்றுவிட்டது.

"அம்மா, அந்தத் தீர்த்தத்துல என்ன எல்லாம் இருக்கும்?"

"துளசி, ஏலக்காய், குங்குமப்பூ, பச்சைக் கற்பூரம்… ஏண்டீ?"

"அந்தத் தட்டு முழுக்க ஒரே தண்ணிம்மா. ஒரு தொட்டியில விழுந்தது எல்லாத்துக்கும் சுத்தி வரும்."

"நாலு சொட்டுடீ குழந்தே. யாருக்குத் தெரியப்போறது?"

"மீனுக்குத் தெரியுமே. கற்பூரம் மாதிரி எது உள்ளே போனாலும் கல்லீரல்தான் அதைச் சமாளிக்கும். நான் அளக்கறதே கல்லீரல்ல எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யறதுங்கறதைத்தான். மூப்பால வந்த மாத்தம் எது, கற்பூரத்தால வந்தது எதுன்னு நான் எப்படிப் பிரிப்பேன்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. கையலம்பிவிட்டு வந்து எனக்கு விளக்கினாள். அவள் ஆராய்ச்சிக்கு மூன்று கூட்டம் மீன் வேண்டும்: இளசு, நடுவயது, கிழம். முதல் இரண்டும் அளந்தாயிற்று. கிழத்தை மட்டும் அளக்க வேண்டும். அது இல்லாவிட்டால் முன்னே அளந்ததற்கு அர்த்தமில்லை. இன்னொரு கூட்டத்தை வளர்த்துக் கிழமாக்க மாதக்கணக்கில் ஆகும். ஆய்வேட்டைக் கொடுக்க அவளுக்குக் கிடைத்திருந்த கடைசி நீட்டிப்போ சில வாரங்களில் முடிகிறது.

"அப்போ இத்தனை வருஷம் படிச்சது?" என்றாள் என் மனைவி.

பெண் கூடத்திலேயே நின்று, தன்னை வழிநடத்துகிற பேராசிரியைக்கு போன் போட்டாள். தீர்த்தம் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாளோ தெரியாது, நடுவில் 'கேம்ஃபர்' என்ற சொல் இரண்டு மூன்று தரம் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு எங்களிடம் வந்தாள்.

"திட்டலை. திங்கட்கிழமை அறுக்க வேண்டாம்னுட்டா. அந்தத் தட்டு ஆராய்ச்சியிலேர்ந்து வெளியே."

"அப்போ அதுகள் பிழைச்சுதா?" என்று என் மனைவி ஒரு நொடி முகம் மலர்ந்துவிட்டாள். அப்புறம் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் சத்தமில்லாமல் வைத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு மீனுக்காகச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, பெண்ணுக்காக அழவும் தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருவாராதனம் முடித்து நான் வெளியே வந்தபோது பெண் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைகூட வாரவில்லை. பெருமாளிடம் எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரிந்ததெல்லாம் வேண்டிக்கொண்டாயிற்று. இனி பக்கத்தில் உட்காரலாம் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"என்னம்மா இது?"

"இந்த மீனுக்குன்னே இருக்கற இணையதளம்ப்பா. இதோட உடம்புல மரபணுவா எழுதியிருக்கறது அத்தனையும் இதுல இருக்கு."

திரையில் ஒரு நீளக் கோடு. அதன்மேல் அங்கங்கே கட்டை கட்டையாக நீலக் குறிகள். அவள் ஒன்றைத் தொட்டதும் விரிந்து விரிந்து கடைசியில் எழுத்துகளாக நின்றது. நாலே நாலு எழுத்து, மாறி மாறி, முடிவே இல்லாமல். மேலே தேடுகிற கட்டத்தில் ஒரு மரபணுவின் பெயரை அடித்தாள். அது கோட்டில் எந்த இடத்தில் இருக்கிறது, மனுஷ உடம்பில் அதற்கு இணையானது எது, மீனின் எந்த உறுப்பில் எந்த வயதில் அது எவ்வளவு வேலை செய்கிறது என்று வரிசையாக வந்தது.

"யார் எழுதி வெச்சா?"

"எங்கெங்கேயோ இருக்கறவா. ஒரு கூட்டம் எழுத்தைப் படிச்சு வெச்சா. இன்னொரு கூட்டம் எது எங்கே ஆரம்பிக்கறது, எங்கே முடியறதுன்னு குறிச்சா. அவாவா அளந்ததை எல்லாரும் இதுல போட்டு வெச்சிருக்கா. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"யாரைக் கேக்கணும்?"

"யாரையும் கேக்க வேண்டாம். எங்கேர்ந்து எடுத்தோம்னு சொன்னாப் போறும்."

கோவிலில் சேர்ந்து நின்று பாசுரம் சொல்லிச் சேவிக்கிற கோஷ்டிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. எனக்குப் பாதி இடத்தில் வரி மறந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் இருப்பவர் குரல் அந்த வரியைத் தாண்டிக்கொண்டு போகும். அடுத்த வரியில் நான் சேர்ந்துகொள்வேன். யாருடைய பாட்டும் அறுந்ததாகக் கணக்கில்லை. இதை அவளிடம் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அதேதான்ப்பா. எனக்கு வரி விட்டுப்போச்சு. யாராவது அதைச் சொல்லியிருக்காளான்னு தேடறேன்."

மத்தியானத்துக்குள் கிடைத்துவிட்டது. வேறொரு தேசத்தில் யாரோ இதே மீனின் கல்லீரலை இளமையிலும் மூப்பிலும் அளந்து, அளந்த எண்களை அப்படியே போட்டு வைத்திருந்தார்கள். நான் துள்ளினேன். அவள் துள்ளவில்லை.

"இருங்கோ. முதல்ல இது எந்த வம்சத்து மீன்னு பாக்கணும். இதுல நிறைய கிளை இருக்கு. ஒண்ணு சீக்கிரம் போயிடும், ஒண்ணு கொஞ்ச நாள் கூட இருக்கும். வேற வேற கிளையை ஒப்பிட முடியாது."

"கோத்திரம் பாக்கணும்கறே."

"கோத்திரம் ஒண்ணா இருந்தாத்தான் இங்கே சம்பந்தம்."

"நம்மாத்துல தலைகீழ்" என்று சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

கோத்திரம் ஒன்றாகவே இருந்தது. இருந்தாலும் பெண் தயங்கினாள். அவர்கள் ஊர்த் தண்ணீர் வேறு, இரை வேறு, அளக்கிற யந்திரம் வேறு. அதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் ஷாப்பில் இரண்டு மைக்ரோமீட்டர் கருவி இருந்தால், இரண்டாலும் ஒரே துண்டை அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அதைத்தான் அவளும் செய்யப்போவதாகச் சொன்னாள். அவர்களும் இளசை அளந்திருக்கிறார்கள், அவளும் அளந்திருக்கிறாள். இரண்டு இளசும் ஒத்துப்போனால், அவர்களுடைய கிழத்தை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஒத்துப்போகாவிட்டால் இல்லை.

கணக்கை நிலையத்துப் பெரிய கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு வந்தாள். அது ஓடி முடிய சில நாள் ஆகுமாம். அந்த நாட்களில் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. என் மனைவி தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய்த் துளசி வாங்கி, தினம் ஒரு மாலை கட்டிப் பெருமாளுக்குச் சாற்றினாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"ரெண்டு ஊர்க் குஞ்சும் ஒரே மாதிரி இருக்கணும்னு" என்றாள். "பெருமாளுக்கே ஒண்ணும் புரிஞ்சிருக்காது."

வியாழக்கிழமை சாயங்காலம் பெண் செருப்பைக் கழற்றும்போதே நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம்.

"பெரும்பாலும் ஒத்துப்போறது" என்றாள். "சிலது இல்லை. ஒத்துப்போகாததை எல்லாம் விட்டுடப்போறேன். நான் சொல்ல நினைச்சது பெரிசு. இப்போ சொல்லப்போறது அதைவிடச் சின்னது. ஆனா நிக்கும்."

"மேடம் என்ன சொன்னா?"

"'எழுது'ன்னா."

என் மனைவி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மனைவி கேட்டாள். "அந்தத் தேசத்துல அந்த மீனை யாரோ அறுத்ததால நீ இங்கே அறுக்க வேண்டாம்னு ஆச்சு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்போ நீ அறுத்ததையும் அதுல போட்டுடு. இன்னொரு பொண்ணு அறுக்க வேண்டாம்."

"போடறதுன்னுதான் இருக்கேம்மா."

ஆய்வேடு முடிந்த கையோடு போடவும் போட்டாள். அன்றைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினாள். என் மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த நாலெழுத்து வரிசையை வெகுநேரம் பார்த்தாள். "பெருமாள் மீனா வந்து வேதத்தைக் காப்பாத்தினார். இப்போ மீனோட வேதத்தை நீங்க எல்லாரும் காப்பாத்தறேள்" என்றாள். எங்கள் பெண் விஞ்ஞானம் பேசி மறுக்கிறவள்தான். அன்று மறுக்கவில்லை.

இடையில் அந்தத் தட்டு மீன்களைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். ஆராய்ச்சிக்கு உதவாது என்று ஆன பிறகு அவற்றைத் தனியாக ஒரு மூலையில் வைத்து, புதிதாகச் சேர்கிறவர்கள் மூப்பின் அடையாளங்களைப் பார்த்துப் பழகட்டும் என்று பேராசிரியை விட்டுவைத்தாராம். ஒவ்வொன்றாகத் தன் ஆயுசை முடித்துக்கொண்டு போயிற்று. ஒன்று மட்டும் நின்றது. தீர்த்தத்தின் மகிமை என்று என் மனைவி சொல்வாள். ஒரே ஒரு மீனை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று பெண் சொல்வாள். இருவரும் சொல்லிக்கொண்டே அதைப் பற்றித் தினம் பேசினார்கள்.

ஒருநாள் மத்தியானம் என் மனைவி அப்பளத்தை மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு இறங்கும்போது போன் அடித்தது. பெண்தான். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அது அடியில சாய்ஞ்சு கிடக்கு. சாயங்காலம் வரை தாங்காது." கூடவே கேட்டாள். "நம்மாத்துல தீர்த்தம் இருக்கா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இருக்கு. ஆனா அதுல பச்சைக் கற்பூரம் இருக்கேடீ."

"இருக்கட்டும். இதை இப்போ தனிப் பாத்திரத்துல எடுத்து வெச்சிருக்கேன். கொண்டு வா."

ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் அவள் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போங்கோ" என்றும் "சீக்கிரம் போங்கோ" என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். நிலையத்து கேட்டில் காவலாளி நிறுத்தினான். "ஏனு ஸார் அது?" என்று பாட்டிலைக் காட்டிக் கேட்டான். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தீர்த்தம் என்றதும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "நமகூ ஸ்வல்ப கொடி அம்மா" என்று கையைக் குழித்து நீட்டினான். தனக்கும் கொஞ்சம் வேண்டுமாம்.

"மொதல்ல அதுக்கு ஆகட்டும், அப்புறம் உங்களுக்கு" என்று என் மனைவி தமிழிலேயே சொன்னாள். அவனுக்குப் புரிந்தது.

பெண் வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்து மரத்தடியில் நின்றோம். என் மனைவி உதட்டுக்குள் ஏதோ பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தாள். காவலாளி தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தான்.

பெண் நடந்து திரும்பி வந்தாள். பாட்டிலில் ஏறக்குறைய எல்லாமே மிச்சம் இருந்தது.

"ஒரு சொட்டுதான் விட்டேன்" என்றாள்.

"போறும். வாயில போச்சா?"

"மீன்தானேம்மா. வாய் திறந்து திறந்து மூடிண்டேதான் இருந்தது. போயிருக்கும்."

என் மனைவி தலையசைத்தாள். பிறகு பாட்டிலைத் திறந்து காவலாளியின் கையில் விட்டாள், என் கையில் விட்டாள். மூன்றாவதாகப் பெண் கையை நீட்டினாள்.